கண்ணளவுக்காரரின் வீடு

"போர்டு கச்சிதமா உக்காந்திடுச்சு சார். ஆனா கடைக்காரர் வாசல்ல உக்காந்து அழுறாரு."

"ஏன், பேர்ல எழுத்து எதுவும் விட்டுப்போச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். கடை பெருசாயிடுச்சாம்."

பெயர்ப்பலகைக் கம்பெனியில் பலகை மாட்டுகிறவருக்கும் அளவு சொல்கிறவருக்கும் தொலைபேசியில் நடந்த இந்தப் பேச்சை, பிற்பாடு இருவருமே பல பேரிடம் வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறார்கள். அன்று பெரிதானது ஒரு தையற்காரரின் கடை. அவருடைய அப்பா காலத்திலிருந்து பன்னிரண்டு அடி முகப்பாக இருந்தது, பதினாலு அடியாகியிருந்தது. பக்கத்துச் செருப்புக் கடையில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. மறுபக்கம் இருந்த சந்தும் பழைய அகலத்திலேயே இருந்தது. செருப்புக் கடைக்காரர் தன் கடையைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்துவிட்டு, சண்டை போட ஒரு காரணமும் அகப்படாத எரிச்சலில் உள்ளே போய்விட்டார். தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூடுதலாகக் கிடைத்த இடத்தில் அன்று மாலையே இன்னொரு மிஷினை வாங்கிப் போட்டார்.

நடந்தது ஒரு சாதாரணத் தவறு. அளவு சொல்கிறவர் எந்தக் கடைக்கும் நேரில் போவதில்லை. பலகை வேண்டுமென்கிறவர்கள் கடை முகப்பைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அவர் கம்பெனியின் பின்னறையில் உட்கார்ந்து, அந்தப் போட்டோவில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேடுவார். கதவு என்றால் ஏழடி. செங்கல் தெரிந்தால் வரிசைக்கு மூன்று அங்குலம். வாசலில் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுமே இல்லாத மொட்டைச் சுவர் என்றால், பக்கத்தில் யாரையாவது நிற்க வைத்து இன்னொரு போட்டோ அனுப்பச் சொல்வார். அதை வைத்துக்கொண்டு முகப்பின் நீள உயரத்தைக் கணித்து, இத்தனை சதுர அடிக்கு இவ்வளவு ஆகும் என்று கொட்டேஷன் அனுப்புவார். வாடிக்கையாளர் சம்மதித்ததும் ஆள் போய் டேப் பிடித்து அளந்து பார்க்க வேண்டும் என்பது தொழிலின் முறை. அந்தக் கம்பெனியில் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அவர் சொன்னதற்கும் டேப் சொன்னதற்கும் விரல் கனம்கூட வித்தியாசம் வந்ததில்லை. கண்ணளவு என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகளின் உறைமேல்கூட அப்படித்தான் எழுதி அனுப்பினார்கள். தையற்காரர் குள்ளமானவர்; தன் உயரத்துக்கு ஆறடியில் கதவு போட்டிருந்தார். கண்ணளவு அதை வழக்கம்போல் ஏழடி என்று எடுத்துக்கொண்டார். கணக்குப்படி பலகை தயாரானது. பலகைப்படி கடை தயாரானது.

அதே நாள் கண்ணளவின் மனைவியால் படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை. கட்டில் இடித்தது. கட்டிலை யார் நகர்த்தினார்கள் என்று அவர் கேட்டார். "நகர்த்தறதுக்கு இடம் எங்க இருக்கு? சுவர்தான் நகர்ந்து வந்திருக்கு" என்றாள் அவள். மழைக்குச் சுவர் ஊதியிருக்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் படுத்தார். அவள் டேப்பை எடுத்து வந்து அளந்தாள். அறையில் சரியாக இரண்டு அடி குறைந்திருந்தது. தையற்காரர் கதை அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்ததால், அந்த இரண்டு அடி எங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்.

கம்பெனி அவளுடைய அண்ணனுடையது. பெண்ணையும் கொடுத்து வேலையும் கொடுத்தவர் என்பதால் அவர் முன்னால் கண்ணளவு அதிகம் பேச மாட்டார். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். பலகைக்கு விலை சதுர அடிக் கணக்கு. கடை பெரிதானால் பலகை பெரிது, பலகை பெரிதானால் கொட்டேஷன் பெரிது. கடைக்காரனுக்கும் நஷ்டமில்லை, பக்கத்துக் கடைக்காரனுக்கும் நஷ்டமில்லை. "மாப்பிள்ளை, நீங்க ரொம்பக் கறாரா கணக்குப் போட வேண்டாம். கொஞ்சம் முன்னபின்ன இருக்கட்டும். பின்ன வேண்டாம், முன்னயே இருக்கட்டும்" என்றார். தங்கை கட்டில் இடிக்கிற விஷயத்தைச் சொன்னாள். கட்டிலை மாற்றிவிடலாம் என்று சொல்லி, அடுத்த வாரமே சின்னக் கட்டில் ஒன்றை அனுப்பி வைத்தார். ஒருவர் படுத்தால் தாராளமாக இருந்தது. மற்றவர் தரையில் படுத்தார். அது அவள்தான்.

பிறகு வந்த வருஷங்களில் அந்த ஊரின் கடைத்தெரு செழித்தது. போகப் போகப் பலகை தயாராகிற வரைக்கும்கூடக் காத்திருக்காமல், அவர் வாயால் அளவைச் சொன்னதுமே கடை வளர்ந்தது. மருந்துக் கடைக்கு ஓர் அடி, சைக்கிள் கடைக்கு ஒன்றரை அடி, டைப்பிங் சென்டருக்கு ஒரு முழு ஜன்னல். நகரசபையிலிருந்து வரி போட வந்தவர் கடைகளின் முகப்புகளை வரிசையாக அளந்து கூட்டிப் பார்த்தபோது, மொத்தத் தெருவின் நீளத்தைவிடக் கடைகளின் நீளம் அதிகமாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கூட்டினார். விடை மாறவில்லை. வரி கூடுதலாக வருகிறது என்பதால் அப்படியே எழுதிக்கொண்டு போனார். மேலதிகாரிகளும் ஒன்றும் கேட்கவில்லை.

இதில் கண்ணளவைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. மனைவி விஷயத்தை விளக்கியபோது அவர் உடனே நம்பினார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அங்குலம்கூடக் கூட்டிச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை மனதாரவே கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு போட்டோவிலும் ஏதாவது ஒன்று இருந்துவிடும். ஒரு பேனா பென்சில் கடையில், கல்லாவுக்குக் கீழே இடமில்லாமல் இடமாக்கி ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ரேடியோ ரிப்பேர்காரர் கடைக்குள் உட்கார முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்து வேலை செய்தார். அதைப் பார்த்ததும் கண்ணளவுக்கு நெஞ்சு இளகிவிடும். பாவம் என்று சொல்லிக்கொண்டே அரை அடி சேர்ப்பார். நாலு பேர் வாழ்த்தினார்கள். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் மனசு யாருக்கு வரும்!" என்று அவளிடமே வந்து சொன்னார்கள். ஆமாம் என்றாள். சமையலறையில் அப்போது அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒருக்களித்து நின்றுதான் அவளால் சமைக்க முடிந்தது. ஊருக்கு அவர் அள்ளிக் கொடுத்ததெல்லாம் தான் நிற்கிற இடத்திலிருந்து போகிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளைத்தான் கருமி என்பார்கள்.

வீட்டை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிற ஆளைப் போல அது தெரிந்தது. இரண்டு பக்கத்து வீடுகளும் எந்தச் சத்தமும் இல்லாமல் நெருங்கி வந்தன. உள்ளே, ஒரு காலத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கூடம் நடை அகலத்துக்கு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் எதிரெதிரே உட்கார வழியில்லாமல் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்தார்கள். முன்னால் இருப்பவர் பேசுவதைக் கடைசியில் இருப்பவருக்கு நடுவில் இருப்பவர் சொன்னார். "தங்கச்சி, உன் வீட்டுக்கு வர்றதுக்கு டிக்கெட் எடுக்கணும் போல இருக்கே" என்று அண்ணன் சொன்ன நகைச்சுவைக்கு வரிசை முழுவதும் சிரித்தது. கண்ணளவும் சிரித்தார். அவள் டிபன் தட்டை முதல் ஆளிடம் கொடுத்து, பின்னால் அனுப்பச் சொன்னாள்.

சரிசெய்ய முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை அவளுடைய வற்புறுத்தலுக்காக, பத்தடிக் கடையை எட்டடி என்று குறைத்துச் சொல்லிப் பார்த்தார். கடை சுருங்கவில்லை. பலகைதான் குட்டையாகப் போயிற்று. கடைக்காரர் கம்பெனிக்கே வந்து கத்திவிட்டுப் போனார்; அண்ணன் தன் செலவில் வேறு பலகை செய்து கொடுத்தார். கொடுத்த அடி திரும்பி வராது என்று தெரிந்தது. இன்னொரு நாள் கண்ணளவு தன் வீட்டையே போட்டோ எடுத்துவந்து பின்னறையில் வைத்துக்கொண்டு, இருபத்தெட்டு அடி என்று உரக்கச் சொன்னார். வீட்டில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. அவரே அதற்குக் காரணமும் சொன்னார். நேரில் பார்த்துப் பழகிய சுவருக்குக் கண்ணளவு வராதாம். தெரிந்த இடம் என்றால் கண் கணிக்காது, ஞாபகம்தான் பேசுமாம். அது உண்மைதான். வீட்டிலிருந்து கம்பெனிக்கு அவர் தினமும் நடந்துபோகும் தெருவில் ஒரு கடைகூட வளர்ந்ததில்லை. ஆனால் வாலிபத்தில் அவர் ஏதோ ஓர் ஊரில் வேலை பார்த்தபோது தினம் போய்வந்த சலவைக் கடையிலிருந்து, இருபது வருஷம் கழித்து ஒரு போட்டோ வந்தது. எந்தக் கடை என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அந்தக் கடை வளர்ந்தது. விலாசத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்து, "அடடா, சுத்தமா மறந்துட்டேன் பாரு" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்த உடனே அது கேட்கக்கூடாத ஒன்று என்றும் தெரிந்தது. அதனால் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். சில நாள் அவருக்குத் தட்டு வைக்கும்போது அது உதடு வரைக்கும் வரும். அவர் நிமிர்ந்து என்ன என்று பார்ப்பார். உப்புப் போதுமா என்று கேட்டுவிடுவாள்.

மகளுக்கு ஓர் அறை இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே மேஜை, மேஜையின் பக்கவாட்டில் அவள் சின்ன வயதில் ஒட்டிய பட்டாம்பூச்சிப் படங்கள். அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீடு முதலில் அந்த அறையிலிருந்துதான் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. காலியாகத்தானே கிடக்கிறது என்று கண்ணளவு ஆறுதல்பட்டார். முதல் தடவை வந்தபோது மகள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள். காலையில் எழுந்து, "அப்பா, புரண்டு படுத்தா இந்தப் பக்கத்துச் சுவர் மூக்குல இடிக்குதுப்பா" என்றாள். "நீ நிரந்தரமா வர்றப்ப பாத்துக்கலாம்மா" என்று அவர் கொஞ்சலாகச் சொன்னார். புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிற பெண்ணிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று மனைவி அவரைக் கடிந்துகொண்டாள். அடுத்தடுத்த வருஷங்களில் மேஜை வெளியே வந்தது. பிறகு ஜன்னல் ஒற்றைக் கதவாகி, கம்பி அகலத்துக்கு மெலிந்து, கடைசியில் சுவரில் ஒரு வெளிச்சக் கோடாக நின்றது. அந்த அறையில் ஒரு குடையை நிறுத்தி வைக்கலாம். அதைத்தான் வைத்திருந்தார்கள்.

மகளின் வாழ்க்கை சரியாக அமையவில்லை. அது என்ன ஏது என்று விவரமாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டிலும் அவளுக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது என்று சொன்னால் போதும், அங்கே சுவர்கள் நகரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். ஒரு நாள் தொலைபேசியில், "அம்மா, நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அங்கயே வந்துடட்டுமா?" என்று கேட்டாள். அம்மா வெளிச்சக் கோட்டைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கடி" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, பெண்ணுக்கு நல்ல புத்தி சொல்லிக்கொடுக்கிற அம்மா என்று நாலு இடத்தில் பாராட்டினாள். மகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, பிறகு மாதக்கணக்கில் அழைக்கவில்லை. பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன வாயால் அம்மா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணளவு அதைக் கவனித்து, இடம் குறைந்த சமையலறையில் நின்று சமைத்துச் சமைத்து இளைத்துவிட்டாள் என்று அண்ணனிடம் வருத்தப்பட்டார். இரண்டு நாள் எதையும் கூட்டிச் சொல்லாமலும் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மகள் மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னாள். "பஸ்ல ஏறிட்டேம்மா. பாப்பா மடியில தூங்குறா. சாயங்காலம் வந்துடுவேன். எங்கயாச்சும் ஒரு மூலை இருந்தாப் போதும்." அம்மா சரி வா என்றாள். போனை வைத்த பிறகு கூடத்துக்கு வந்தாள். கண்ணளவு மடியில் போனை வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்படியா! வரட்டும், வரட்டும். எம்பேத்தி வர்றா, வேற என்ன வேணும்? படுக்கறதுக்கு எதையாவது பண்ணிக்கலாம்" என்றார். குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. உடனே போன் ஒலித்தது. புதிதாக முடிதிருத்தும் கடை வைக்கப்போகிற ஓர் இளைஞன் போட்டோ அனுப்பியிருந்தான். ஷட்டருக்குப் பக்கத்தில் அளவுக்காகத் தன் அம்மாவை நிறுத்தியிருந்தான். அந்த அம்மாள் புதுச் சேலை கட்டி, போட்டோவுக்காக விறைப்பாக, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணளவு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"பாவம்டி. ரெண்டு நாற்காலி போட்டா அந்தம்மா உக்காரக்கூட இடம் இருக்காது" என்றார். போனை எடுத்து, "தம்பி, உங்க முகப்பு ஒன்பதரை அடி வருது" என்றார். எட்டரை என்று அவருக்குத் தெரியும். மறுமுனையில் அந்தப் பையன் நன்றி சொல்வது கூடம் முழுக்கக் கேட்டது. கூடம் அவ்வளவுதான் இருந்தது.

உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மனைவி போய்ப் பார்த்தாள். மகளின் அறைக் கதவைத் திறந்தால் சுவர் இருந்தது. வெள்ளையடித்த, ஈரமில்லாத, நல்ல சுவர். குடையின் கைப்பிடி மட்டும் அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கதவைச் சாத்தினாள். கூடத்துக்குத் திரும்பி வந்து, அவர் எதிரில் நிற்க இடமில்லாததால் பக்கவாட்டில் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்" என்றார் அவர், கொட்டேஷனை எழுதிக்கொண்டே.

"நீங்க இந்த வீட்ட விட்டுப் போயிடுங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் குரல் உயரவில்லை. கடையில் சாமான் சொல்கிற குரல்தான்.

"கோவத்துல சொல்லலைங்க. ரொம்ப வருஷமா சொல்லணும்னு இருக்கேன். வேற ஏதாவது ஊர்ல ஒரு ரூம் எடுத்துத் தங்குங்க. இனிமே அதுதான் உங்க வீடு, குறையறது அங்க குறையட்டும். அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன், உங்களுக்குத்தான் எங்க உக்காந்தாலும் வேலை ஓடுமே. இங்க வராதீங்க, போன் பண்ணாதீங்க. கதவு எந்தப் பக்கம், எத்தனை ஜன்னல், எதுவும் உங்க ஞாபகத்துல இருக்கக்கூடாது. அந்தச் சலவைக் கடை மாதிரி சுத்தமா மறந்து போகட்டும். அதுக்கப்புறம் நான் ஒரு போட்டோ அனுப்பறேன், யாரோ ஒரு பொம்பளை அனுப்பற மாதிரி. நீங்க பாத்துட்டு, பாவம்னு சொல்லி, வாய் நிறைய ஒரு அளவு சொல்லுங்க. மகளும் பேத்தியும் கையக்கால நீட்டிப் படுக்கணும், அதையும் மனசுல வெச்சுக்கங்க... இல்ல, அதையும் மறந்துடுவீங்க. பரவாயில்ல. முன்னப்பின்ன தெரியாதவங்கன்னா உங்களுக்குத் தாராளமாத்தான் வரும். அளவுக்குச் சுவர் பக்கத்துல நானே நிக்கறேன். என்னையும் அடையாளம் தெரியாமப் போயிருந்துச்சுன்னா ரொம்ப நல்லது."